எலுமிச்சம்பழம் உருண்ட மூலை

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். சிலருக்குப் பேச்சு திக்கும். என் தம்பிக்கு வயிறு கலக்கும். எனக்குக் கட்டைவிரல் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். கையில் என்ன இருக்கிறதோ அதன் வாயைத் தேடிப் பிடித்து அழுத்தமாக அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பாட்டில், மருந்து அடிக்கும் குழாய், எண்ணெய் ஊற்றும் புனல், எதுவானாலும் சரி. நான் சொல்லி அது செய்வதில்லை, தானாகவே செய்கிறது. இப்படி ஒரு விரலை வைத்துக்கொண்டு நான் கட்டட வேலை பழகப் போனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பிளஸ் ஒன்னில் நான் எடுத்தது தொழிற்கல்விப் பிரிவு. அதில் கட்டடம் கட்டுவது சம்பந்தமான குரூப். மலை மேல் கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது அப்பா மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் மிளகையே பார்த்தார்.

"ஏங்கண்ணு, இத்தனை மார்க் வாங்கிட்டு செங்கல் தூக்கறதுக்கா படிக்கப் போற?"

"செங்கல் தூக்கறதில்லைங்கப்பா. செங்கல்ல எங்க வெக்கறதுன்னு சொல்றது" என்றேன்.

அந்த வயதில் எனக்கு வாய் அப்படித்தான். அம்மா மட்டும், "போறா, உடுங்க. நம்மூட்டுச் சமையக்கட்டுச் செவுரு வெடிச்சுக் கெடக்குது, படிச்சுட்டு வந்து அதைப் பூசட்டும்" என்றார். (அந்தச் சுவர் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அம்மா மாதம் ஒரு தடவை அதைக் காட்டி என் படிப்பை விசாரிப்பார்.)

அந்தக் குரூப்பில் படிப்பவர்களைக் கொஞ்ச நாள் உண்மையான வேலைத்தளத்துக்கு அனுப்புவார்கள். இன்டர்ன்ஷிப் என்று பெயர். எனக்குக் கிடைத்தது கரடியூர் பக்கம் சரிவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடி வீடு. சேலத்துக்காரர் ஒருவர், ராஜமாணிக்கம் என்று பெயர், சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் நான் போய் இறங்கிய கோலத்தைச் சொல்ல வேண்டும். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், பள்ளியில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட், கையில் ஜியாமெட்ரி பாக்ஸ். ஹெல்மெட் பெரியவர் யாருக்கோ செய்தது. தலையைத் திருப்பினால் நான் திரும்புவேன், ஹெல்மெட் திரும்பாது.

சிமெண்டுச் சட்டியோடு எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க சாமி, இன்ஜினீருங்களா?" என்றார்.

"இல்லைங்கண்ணா, இன்டர்ன். நீங்கதான் கொத்தனாருங்களா?"

"நானு கையாளுங்க. கொத்தனாரு மேல நிக்கறாங்க. எம்பட ஊட்டுக்காரி."

அண்ணாந்து பார்த்தேன். சாரத்தின் மேல், புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாயில் ஒரு ஆணியைக் கவ்வியபடி ஒரு பெண் தூக்குக்குண்டு விட்டு, பில்லர் நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் ஸ்டெல்லாக்கா. கீழே நின்றவர் அவர் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அண்ணன்.

ஸ்டெல்லாக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆகவே அளவோடு சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் கட்டட வேலைக்கு எத்தனை பேர் போனாலும் சித்தாளாகத்தான் போவார்கள். சுவர் பூசுகிற கரண்டி ஆண்கள் கையில்தான் இருக்கும். ஸ்டெல்லாக்காவும் சித்தாளாகப் போனவர்தான். மேஸ்திரி டீ குடிக்கப் போகிற நேரத்தில் கரண்டியை எடுத்துப் பூசிப் பார்த்துப் பழகியவர். பிறகு அந்த மேஸ்திரியே டீக்கடையில் அதிக நேரம் உட்கார ஆரம்பித்தார், ஏனென்றால் அக்கா பூசினால் அவர் பூசியதைவிட நன்றாக இருந்தது. அடக்கம் என்பது அக்காவிடம் மருந்துக்கும் கிடையாது. "இந்த மலையில என்னையாட்டம் செவுரு தூக்கறதுக்கு ஆளு இருந்தாக் காட்டு கண்ணு, நானு கரண்டியக் கீழ வெச்சர்றேன்" என்பார். சொல்லிவிட்டுச் சுவரை ஒரு தட்டுத் தட்டுவார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. அவர் எழுப்பிய வீடு ஒன்றுகூட அவர் பெயரில் நிற்கவில்லை. பாதி வீடுகளை மேஸ்திரி கட்டியது என்றார்கள். மீதியை, "ஆரோக்கியம் கொத்தனாரு கட்டுனது" என்றார்கள்.

"நானு செங்கல் எடுத்துக் குடுத்ததோட செரி. எங்கிட்ட வந்து கை குடுக்கறாங்க சாமி, நானு என்ன பண்றது?" என்று ஆரோக்கியம் அண்ணன் உண்மையாகவே வருத்தப்படுவார்.

கரடியூர் வீடுதான் அக்கா தன் பெயரில் தானே பேசி எடுத்த முதல் வேலை. ராஜமாணிக்கம் ஐயா அரை மனதோடு கொடுத்திருந்தார். "ஏம்மா, மோல்டு போடற வரைக்கும் பாக்கறேன். மட்டம் சரியில்லைன்னா வேற ஆளை வெச்சுக்குவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். மோல்டு என்றால் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடுவது. அது மட்டும் ஒழுங்காக முடிந்துவிட்டால் வீடு ஸ்டெல்லா கட்டிய வீடு. முடியாவிட்டால் இன்னொருவர் கட்டிய வீட்டில் ஸ்டெல்லா கொஞ்ச நாள் வேலை செய்தார், அவ்வளவுதான். வந்த அன்றைக்கே எனக்கு இது தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் அக்கா என்னை நம்பி டியூபின் ஒரு முனையைக் கொடுத்தார்.

கண்ணாடி போலத் தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒரு பில்லரிலும் மறுமுனையை இன்னொரு பில்லரிலும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ஒரு பக்கம் கோடு போட்டிருந்தால் மறுபக்கமும் அதே மட்டத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளலாம். அந்தக் கோட்டை வைத்துத்தான் சென்ட்ரிங் பலகையும் தகடும் அடிப்பார்கள், அதன் மேல்தான் கான்கிரீட் வரும். பனிமூட்டத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அக்கா அதில் பேனா மை கலந்திருந்தார்.

"கண்ணு, நீ இந்த மொதப் பில்லரு கிட்டயே நில்லு. தண்ணி கோட்டுல நிக்கோணும். நின்னா ஆச்சுன்னு சொல்லு. நானு மத்த மூணு மூலைக்கும் போயி கோடு போட்டர்றேன். நடக்கறப்ப மட்டும் வாய வெரலால மூடிக்க, கோடு போடறப்ப எடுத்துரு."

"இது எங்க புஸ்தகத்துலயே இருக்குதுங்கக்கா" என்றேன், ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டே.

முதல் மூலை நன்றாக நடந்தது. இரண்டாவது மூலையில் நான் டியூபைச் சாய்த்துவிட்டேன். நீலத் தண்ணீர் யூனிஃபார்மில் கொட்டியது. "சிந்தாத கண்ணு, உள்ள காத்து பூந்துச்சுன்னா மறுக்கா மொதல்ல இருந்து புடிக்கோணும்" என்று அக்கா அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார். திட்டுகூட இல்லை. ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் என்ன நடக்கும் என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது மூலை சரிவின் கீழ்ப்பக்கம் இருந்தது. அக்கா டியூபை இழுத்துக்கொண்டு அங்கே போவதற்குள் மூட்டம் ஏறிவிட்டது. அக்காவைக் காணவில்லை, பில்லரைக் காணவில்லை, குரல் மட்டும் வந்தது.

"கோட்டுல நிக்குதா கண்ணு?"

பார்த்தேன். முன்னே இரண்டு தடவையும் தண்ணீர் மேலும் கீழும் ஆடி, ரொம்ப நேரம் படுத்தி, பிறகுதான் நின்றது. இந்தத் தடவை ஆடவே இல்லை. வைத்த இடத்தில் வைத்தபடி ஆணி அடித்ததுபோல நின்றது. கை பழகிவிட்டது, இதுதான் தொழில் என்று நினைத்து எனக்கு உடம்பெல்லாம் பெருமை.

"ஜம்முன்னு நிக்குதுங்கக்கா. அசையவே இல்லைங்க."

(அது எப்படி அசையும்? மேலே கட்டைவிரல் மூடி போட்டிருந்தது.)

வழக்கமாக ஸ்டெல்லாக்கா கடைசியில் முனையை மாற்றிப் பிடித்து ஒரு தடவை சரிபார்ப்பார். அன்றைக்குத் தூறல் பிடித்துக்கொண்டது. மூட்டைச் சிமெண்டு நனையாமல் எடுத்து வைக்க எல்லோரும் ஓடினோம். அதோடு அந்த வேலை அன்று முடிந்துபோனது.

வீட்டுக்கு வந்தபோது என் கட்டைவிரல் நுனி வட்டமாக நீலமாக இருந்தது. அம்மா பிடித்துப் பார்த்து, "எந்த எலெக்சனுக்கு ஓட்டுப் போட்டுட்டு வர்ற?" என்றார். வேலை செய்கிறவர்கள் கை இப்படித்தான் இருக்கும் என்று நான் விளக்கினேன். இரண்டு நாள் அந்த விரலை மட்டும் சோப்புப் போடாமல் காப்பாற்றினேன். பள்ளித் தோழிகளிடம் நீட்டி நீட்டிக் காட்டினேன். ஆதாரத்தை இவ்வளவு பெருமையாக ஊருக்குக் காட்டிய ஆள் வேறு யாரும் இருக்க முடியாது.

சென்ட்ரிங் தகடு எல்லாம் அடித்து முடித்த அன்று ராஜமாணிக்கம் ஐயா சேலத்திலிருந்து வந்தார். கம்பி கட்ட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்னப் பூஜை போட வேண்டும் என்பது அவர் விருப்பம். மூட்டமே இல்லாத பளிச்சென்ற காலை. ஏணியில் ஏறித் தகட்டின் மேல் நின்று, நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். சூடத்தை ஏற்றினார். சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக் கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது பழம் இல்லை.

அவர் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அது போனதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவசரமே படாமல் கிளம்பியது. தகடும் தகடும் சேரும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்தது. பிறகு கீழ்மூலையை நோக்கி உருண்டுபோய், விளிம்பில் ஏறித் தாண்டி, கீழே காபிச் செடிக்குள் விழுந்தது.

"பழம் எங்க?" என்றார் ஐயா.

ஆரோக்கியம் அண்ணன் இறங்கிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஐயா மறுபடி வைத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பழம் அதே வழியில் கிளம்பியது. அண்ணன் ஓடிப்போய்ப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு, "காத்துங்க" என்றார். ஒரு இலைகூட ஆடவில்லை.

இந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்தால் நான் பூங்கொடி இல்லையே. (என் பெயர் பூங்கொடி.)

"ஐயா, இது மலைங்க. சுத்தியும் சரிவா இருக்கறதால நேரா இருக்கறதுகூட நம்ம கண்ணுக்குச் சரிஞ்ச மாதிரிதானுங்க தெரியும்" என்றேன், ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு.

ஐயா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பழத்துக்கும் அப்படித்தான் தெரியுதா?" என்றார்.

பிறகு ஸ்டெல்லாக்கா பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை. எதிர்பார்த்தது நடந்துவிட்டது என்கிற குரலில், "நான் அன்னைக்கே சொன்னேன் இல்லைம்மா? வேற ஆளைப் பாக்கறேன்" என்றார்.

அக்காவின் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. தகட்டின் ஓரத்துக்குப் போய்க் கீழ்மூலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆரோக்கியம் அண்ணன் அந்தப் பழத்தைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். எனக்கு அக்காவைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அப்போதும் சத்தியமாக, தவறு என்னுடையது என்று எனக்குத் தெரியாது. சென்ட்ரிங் அடித்த ஆட்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கொஞ்ச நேரம் நில்லுங்க. நீங்க பாக்க நானு மறுக்கா மட்டம் புடிக்கறேன். பொறவு எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார் அக்கா.

டியூப் வந்தது. மை கலந்த தண்ணீர் வந்தது. "அன்னிக்கு நின்ன மாதிரியே நில்லு கண்ணு" என்று முனையை என் கையில் கொடுத்துவிட்டு, அக்கா கீழ்மூலைச் சாரத்தில் ஏறினார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாழ்க்கையிலேயே அவ்வளவு பயம் வந்ததில்லை.

"நிக்குதா?"

"ஜம்முன்னு நிக்குதுங்கக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். அன்றைக்கு நடுவில் மூட்டம் இருந்தது, இன்றைக்கு இல்லை. அந்த மூலையிலிருந்து அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவும் என் கையைப் பார்த்தார். ஆரோக்கியம் அண்ணனும் பார்த்தார். கடைசியாக நானும் பார்த்தேன்.

"கண்ணு, வெரல எடு" என்றார் அக்கா.

எடுத்தேன். டியூபுக்குள் தண்ணீருக்கு உயிர் வந்தது. கிடுகிடுவென்று ஓடியது, ஆடியது. அக்கா பக்கத்தில் பழைய கோட்டைத் தாண்டி மேலே ஏறி நின்றது. அக்கா கையை வைத்து அளந்தார். நாலு விரக்கடை. அதாவது பெருவிரலை விட்டு மற்ற நாலு விரலையும் சேர்த்து வைத்தால் என்ன அகலமோ, அவ்வளவு அந்த மூலை இறங்கியிருந்தது.

என் விரல் நுனியில் மறுபடியும் வட்டமாக நீலம். பூமி பிளந்தால் அதற்குள் போய்விடலாம் என்று இருந்தது, ஆனால் நான் நின்றது சென்ட்ரிங் தகட்டின் மேல். ஐயா வாயைத் திறப்பதற்குள் அக்கா இறங்கி வந்துவிட்டார்.

"புள்ள மேல தப்பில்லைங்க. புள்ள வேல பழகறதுக்கு வந்தது. கடசி மூலைய மாத்திப் புடிச்சுச் செரிபாக்காம உட்டது நானு. மட்டம் என்னுது, தப்பும் என்னுது. இன்னிக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள இந்த மூலைய ஏத்திக் குடுக்கறேன். நீங்க எங்கயும் போவ வேண்டாம், இங்கயே உக்காந்து பாருங்க."

தன் பெயர் போகிற நேரத்தில் பழியை அடுத்தவள் தலையில் போடுவதற்குக் காரணம் நீல மையோடு எதிரே நிற்கிறது. அக்கா அதைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய ஆட்களோடு வேலை செய்துவிட்டேன். இப்படிச் சொன்னவர்கள் குறைவு.

பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு தகட்டைக்கூடப் பிரிக்கவில்லை. அந்த மூலையைத் தாங்கிக்கொண்டிருந்த முட்டு மரங்களுக்குள் அக்கா குனிந்து நுழைந்தார். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் ஆப்பு வைத்து, ஆளுக்கு ஒரு சுத்தியல் கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும் என்றார். ஒருவர் முந்தினால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

"ம்ம், போடு. நிறுத்து. ஆரோக்கியம், அவசரப்படாத, உன்ற ஆப்பு எச்சாப் போவுது. ம்ம், போடு."

அக்காவின் குரலுக்கு அத்தனை சுத்தியலும் ஒன்றாக விழுந்தன. வீட்டின் ஒரு மூலை மயிரிழை மயிரிழையாக மேலே ஏறியது. மட்டம் பார்க்க டியூபின் ஒரு முனை மறுபடியும் என்னிடம்தான். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். "தெரியாதவங்கிட்டக் குடுத்தாத்தான் கண்ணு பயம். உனக்கு இனி இந்தத் தப்பு வராது" என்றார் அக்கா. ஆரோக்கியம் அண்ணனுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தோள் துண்டில் ஒரு ஓரத்தைக் கிழித்து, என் கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் சுத்தியல் எடுக்கப் போனார்.

மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. எல்லோர் கையிலும் சுத்தியல். கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கம் ஐயா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "இதை எப்படிப் புடிக்கணும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்.

"வெரல மட்டும் வெச்சுடாதீங்கய்யா" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் அந்த மூலை தன் இடத்துக்கு வந்தது. அக்கா முனையை மாற்றிப் பிடித்துப் பார்த்தார், அதற்கும் மேல் ஒரு தடவை பார்த்தார். பிறகு காலையில் உருண்ட அதே பழத்தை, காபிச் செடிக்குள் விழுந்து அடிபட்ட பழத்தை, ஐயா நடுத் தகட்டில் வைத்தார். அது நின்றது. ஐயா கீழே உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தார். விரலால் லேசாகத் தட்டிவிட்டார். அரை சாண் போய் அப்படியே நின்றுகொண்டது.

"நாளைக்குக் கம்பி கட்டச் சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஸ்டெல்லாக்கா தலையை ஆட்டிவிட்டு, சாரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது பழைய அக்காவாக வந்தார். "இந்த மலையில கட்டுன மூலையத் தூக்கி நிறுத்தறதுக்கு ஆளு இருந்தாக் காட்டு கண்ணு" என்றார்.

அந்த வீடு இன்றும் இருக்கிறது. தங்க வருகிறவர்களை ஐயா முதலில் அழைத்துப்போய்க் காட்டுவது அறையை இல்லை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையையும் இல்லை. மாடி ஹாலில் தரையின் நடுவே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, "பாருங்க, நகருதா? ஸ்டெல்லா கட்டுன ஊடுங்க" என்பார். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போய் அக்காவுக்கு வேலை கொடுத்தவர்கள் உண்டு. இப்போது அக்காவிடம் மூன்று செட் ஆட்கள் இருக்கிறார்கள். நான் டிப்ளமோ முடித்து சூப்பர்வைசராக இருக்கிறேன். என் பள்ளியிலிருந்து இன்டர்ன்ஷிப் வருகிற பெண்களை அக்காவிடம்தான் அனுப்பி வைக்கிறேன். முதல் நாளே அவர்கள் கட்டைவிரலைத்தான் அக்கா பார்ப்பாராம்.

என் பங்குக்கு எனக்கும் ஒன்று கிடைத்தது. அன்றைக்குப் பிறகு அக்காவின் ஆட்கள் நாலு விரக்கடை என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். "அந்தப் பக்கம் அரைப் பூங்கொடி ஏத்து", "ஒரு பூங்கொடி எறக்கு" என்றுதான் பேச்சு. அது மெல்ல எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கல்யாணத்தன்று மணவறையில் வைத்தே, "முந்தான ஒரு பூங்கொடி எறங்கியிருக்குது பாரு" என்றார் அம்மா. மாப்பிள்ளை விழித்தார். இந்தக் கதையைத்தான் நான் அவருக்கு முதன்முதலில் சொல்ல வேண்டியதாயிற்று.

போன மாதம் சேர்வராயன் கோயிலுக்குப் போகிற ரோட்டில் ஒரு வேலைத்தளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அக்காவின் ஆட்கள் இல்லை, யாரையும் எனக்குத் தெரியாது. சாரத்தில் நின்ற ஒரு கொத்தனார் கீழே இருந்தவரிடம், "ஒரு பூங்கொடி ஏத்துப்பா" என்றார்.

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. "ஏனுங்க, பூங்கொடின்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"நாலு வெரக்கடைங்க. இந்த மலையில அப்படித்தானுங்க சொல்லுவோம். வெள்ளக்காரன் எஸ்டேட் போட்ட காலத்துல இருந்து இருக்கற அளவுங்க."

வெளியே வந்து உடனே ஸ்டெல்லாக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் ஆரோக்கியம் அண்ணன் சிரிப்பதும் சேர்ந்து கேட்டது. அக்கா சிரித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது போ. பேரெடுக்கோணும்னு ஊடு கட்டுனவ நானு. மலை முச்சூடும் பேரு ஒனக்குல்ல போயிருக்குது" என்றார்.

உங்கள் பெயர் அந்த வீட்டுத் தரையில் நிற்கிறது அக்கா, என் பெயரை இந்த மலை சொல்கிறதென்றால் அதுவும் நீங்கள் அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றதால்தான் என்று, இத்தனை வருடமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னேன். நீளமாகவே சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கலையே" என்றார் அக்கா.

ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கீழே பேசுகிற ஓட்டையின் மேல் என் கட்டைவிரல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து அதைப் பார்த்தவர்போல அக்கா சொன்னார்:

"கண்ணு, வெரல எடு."